குப்பிக் கணக்கும் குழந்தைக் கணக்கும்

மாணவிகளே, உங்கள் இடது தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். சிறிய வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா? நீங்கள் பிறந்த சில நாட்களுக்குள் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. சிசுக்களைத் தாக்கும் கொடிய காச நோயைத் தடுப்பதற்காகப் போடுவது. (சிலருக்குத் தழும்பு விழாமலும் போகும், அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.) அந்த மருந்து எங்கோ ஓர் ஆலையில் தயாராகி, பல குளிர்பெட்டிகளில் தங்கி, பல கைகள் மாறி உங்கள் தோளை வந்தடைந்தது. வழியில் ஓர் இடத்தில் கவனம் தவறியிருந்தாலும் தழும்பு விழுந்திருக்கலாம், பாதுகாப்பு கிடைக்காமல் போயிருக்கலாம்.

ஒரு பொருள் உற்பத்தியாகும் இடத்திலிருந்து அதைப் பயன்படுத்துபவர் கைக்கு வரும் வரையுள்ள இந்த நீண்ட தொடரைத்தான் வணிகவியலார் ‘சப்ளை செயின்’ என்கிறார்கள். வழங்கல் சங்கிலி எனத் தமிழில் சொல்லலாம். அதை நிர்வகிக்கும் கலைக்கு ‘சப்ளை செயின் மேனேஜ்மென்ட்’ என்ற பெயரை 1982-ல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் வழக்கில் கொண்டுவந்தார். பெயர்தான் புதிது. விடுதிச் சமையலறைக்கு அரிசி வாங்கும் சிஸ்டர் செய்வதும் இதே வேலைதான்: எவ்வளவு தேவை, எப்போது சொல்லி வைக்க வேண்டும், வந்தது நல்ல அரிசியா, மாதக் கடைசியில் குதிர் காலியாகாமல் இருக்குமா?

இந்தச் சங்கிலி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எதை வைத்து அளப்பது? லாரி நேரத்துக்கு வந்தால் போதுமா? செலவு குறைந்தால் போதுமா? பெரிய கம்பெனிகள் இதற்கென்றே நூற்றுக்கணக்கான அளவைகள் வைத்திருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட்டால் இந்த மலரின் பக்கங்கள் போதா. படிக்கிறவர்களுக்கும் பொறுமை போதாது. ஆகவே நம் எல்லோர் உடம்பிலும் வந்து முடியும் ஒரே ஒரு சங்கிலியை, அதாவது தடுப்பூசி வரும் வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்ற திட்டம் 1978-ல் தொடங்கி, 1985-ல் விரிவான வடிவம் பெற்றது. ஆலையிலிருந்து வரும் மருந்து சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய நான்கு ஊர்களிலுள்ள மத்திய அரசின் மருந்துக் கிடங்குகளுக்கோ, நேரே மாநிலக் கிடங்குக்கோ போகும். அங்கிருந்து மண்டலம், பிறகு மாவட்டம், பிறகு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மேல்மூடியைத் திறக்கும் ஒரு பெட்டி இருக்கும். ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜிரேட்டர் என்று பெயர். அதன் சுவர்களுக்குள் பனிக்கட்டி அடைபட்டிருப்பதால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் இருந்தாலே குளிர்ச்சியைக் காத்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி முன்பக்கம் கதவு வைத்திருந்தால் திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று கீழே கொட்டிப் போய்விடும் அல்லவா? அதனால்தான் மேல்மூடி. தமிழ்நாட்டில் புதன்கிழமை ஊசி நாள். அன்று காலை நான்கு ஐஸ் பேக்குகள் வைத்த தோள்பெட்டியில் குப்பிகளை அடுக்கிக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கிராம சுகாதார செவிலியர் காத்திருப்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் ‘நர்ஸம்மா’.

இந்த வழி முழுவதிலும் மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரி சென்டிகிரேடுக்கும் இடையில் இருக்க வேண்டும். (போலியோ சொட்டு மருந்தை மட்டும் மேல்நிலைக் கிடங்குகளில் உறைநிலையில் வைப்பார்கள்.) ஆக, முதல் அளவை வெப்பநிலை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி.

எழுதுகிறார்கள். ஆனால் ஒரு மாதம் முழுவதும் 5, 5, 5, 5 என்று ஒரே மையில் ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அனுபவமுள்ள ஆய்வாளர் அதைப் பார்த்து மகிழமாட்டார், சந்தேகப்படுவார். மின்சாரம் போய் வரும் ஊரில், மூடியைத் திறந்து மூடும் பெட்டியில், முள் சற்றேனும் ஆடாமல் இருக்குமா? மேலும், நாளுக்கு இரண்டு தரம் பார்ப்பதென்றால் மீதி இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஆகவே இப்போது பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு கருவியை வைக்கிறார்கள். அது முப்பது நாள் வெப்பநிலையையும் நினைவில் வைத்திருக்கும். 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து பத்து மணி நேரம் போனாலும், பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலும் எச்சரிக்கைக் குறி காட்டும்.

அந்த இரண்டு எல்லைகளைக் கவனித்தீர்களா? சூட்டுக்குப் பத்து மணி நேரம் பொறுக்கிறது. உறைவதற்கு ஒரு மணி நேரம்தான். காரணம் உண்டு. பல ஆண்டுகளாகத் தடுப்பூசிக்குச் சூடுதான் எதிரி என்று எல்லோரும் நினைத்து வந்தார்கள். எவ்வளவு குளிராக வைத்தாலும் நல்லதுதானே என்று ஐஸ் பேக்கை உறைந்தபடியே பெட்டியில் திணித்தார்கள். உண்மையில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியும், மஞ்சள் காமாலை தடுப்பூசியும் ஒருமுறை உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். அவற்றில் கலந்துள்ள அலுமினிய உப்பு திரிதிரியாகத் திரண்டுவிடும். மறுபடி உருகினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, தனித்தனிக் கட்டங்களைப் பார்த்த ஆய்வுகளில் குளிர்பெட்டிகளிலும் வண்டிப் பயணங்களிலும் 14 முதல் 35 சதவிகிதம் வரை உறைநிலை காணப்பட்டது. ஆலை முதல் கிராமம் வரை முழு வழியையும் தொடர்ந்து அளந்த ஆய்வுகளிலோ 75 முதல் 100 சதவிகிதம்! ஒவ்வொரு கட்டத்தையும் தனியே பார்த்தால் ‘பரவாயில்லை’ என்று தோன்றுவது, சேர்த்துப் பார்த்தால் தலை சுற்ற வைக்கிறது.

இதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் மிக எளிது. உறைந்த ஐஸ் பேக்கை வெளியே எடுத்துவைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும் ஓசை கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்போது பேக்கின் மேற்பரப்பு பூஜ்ய டிகிரிக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு பெட்டியில் வைத்தால் குப்பி உறையாது. இந்தக் காத்திருப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் இல்லாதவரை அவசரக் காலையில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால் ‘குலுக்கல் சோதனை’ உண்டு. அதே ரகத்தில், அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே முழுக்க உறைய வைத்து உருக்குவார்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்தில் அடியில் படிந்தால் அதுவும் உறைந்து கெட்டதே. விஞ்ஞானக் கூடத்தில் நீங்கள் செய்யும் பல சோதனைகளைவிட இது எளிது.

சூட்டுக்கு வேறொரு அழகான அளவை இருக்கிறது. குப்பியின் மேல் ஒரு வட்டம். அதற்குள் ஒரு சிறு சதுரம். புதிய குப்பியில் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும். சூடு பட்டுப் பட்டு அது மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியை எறிந்துவிட வேண்டும். ‘வேக்சின் வயல் மானிட்டர்’ என்ற இந்தச் சதுரம் 1996-ல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் முதலில் வந்தது. படிப்பு அதிகமில்லாதவரும் இதைப் படிக்கலாம். எந்தக் கிடங்கில் யார் பதிவேட்டில் என்ன எழுதினாலும் அந்தக் குப்பி பட்ட சூடு அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். ஆனால் உறைந்ததை மட்டும் அந்தச் சதுரம் சொல்லாது. ஓர் அளவை ஒன்றைத்தான் சொல்லும். மற்றதற்கு அது மௌனம்.

இனி மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். இது உங்களுக்கு நன்கு தெரிந்த விஷயம்.

ஒரு தடுப்பூசி ஐந்து கட்டங்களைக் கடந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குப்பிகள் கெடாமல் தப்புகின்றன. தொண்ணூற்றைந்து மார்க் என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள்! ஆனால் ஐந்து கட்டங்களையும் பெருக்கிப் பாருங்கள்: கடைசியில் மிஞ்சுவது சுமார் 77. கணக்கு வகுப்பில் கூட்டிச் சராசரி எடுக்கப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். சங்கிலியில் சராசரி செல்லாது, பெருக்கல்தான் செல்லும். 1996-ல் தொடங்கிய சப்ளை செயின் கவுன்சில் என்ற அமைப்பு தொழில் நிறுவனங்களுக்கென ஓர் அளவை முறையை வகுத்தது. அதில் ‘பழுதற்ற ஆர்டர்’ என்று ஒரு கணக்கு உண்டு. கேட்ட சரக்கு, கேட்ட அளவில், கேட்ட நேரத்தில், சேதமின்றி, சரியான சீட்டுகளுடன் வந்தால்தான் அந்த ஆர்டருக்கு மார்க். நான்கு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் பூஜ்யம். நேரத்துக்கு வந்த கெட்ட மருந்தும், நல்ல நிலையில் தாமதமாக வந்த மருந்தும் குழந்தைக்கு ஒன்றுதானே!

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து நாடுகளின் தடுப்பூசிக் கிடங்குகளைப் பரீட்சிக்க வகுத்த முறையிலும் இதே கண்டிப்பைக் காணலாம். அதில் ஒன்பது பாடங்கள். சரக்கு வந்திறங்கும் முறை, வெப்பநிலை, இடவசதி, கட்டடமும் கருவிகளும், பராமரிப்பு, இருப்புக் கணக்கு, விநியோகம், மருந்தைக் கையாளும் முறை, தகவல் முறை என்பன அவை. ஒவ்வொன்றிலும் 80 மார்க் வாங்க வேண்டும். ‘மொத்தத்தில் நல்ல மார்க், கணக்கில் மட்டும் கொஞ்சம் குறைவு’ என்று வீட்டில் சொல்லிச் சமாளிப்பது இங்கே நடக்காது.

இருப்பைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுகாதார நிலையத்துக்கு வாரம் 40 டோஸ் தேவை. கேட்டால் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அப்படியானால் அந்த இரண்டு வாரத்துக்கு 80, ஆபத்துக்குக் கையிருப்பாகக் கால் பங்கு 20, ஆக 100 டோஸ் இருக்கும்போதே அடுத்ததற்கு எழுதிவிட வேண்டும். எழுபதில் எழுதினால் நடுவில் திண்டாட்டம்தான். மாவட்டம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மூன்று மாதச் சரக்கு இருப்பதாகத் தெரியும். ஆனால் ஒரு நிலையத்தில் காலாவதியாகும் அளவுக்குக் குவிந்தும் இன்னொன்றில் ஒரு குப்பிகூட இல்லாமலும் இருக்கலாம். இதைக் கவனிக்கவே 2015 முதல் நம் நாட்டில் ‘இவின்’ என்ற மின்னணு முறை வந்தது. குளிர்பெட்டிப் பொறுப்பாளர் கைப்பேசியில் அன்றன்றைய இருப்பைப் பதிவு செய்வார். பெட்டியிலுள்ள கருவி வெப்பநிலையைத் தானே அனுப்பும். கையிருப்பு தீர்ந்துபோகும் நிகழ்ச்சிகள் 80 சதவிகிதம் குறைந்தன என்று மத்திய அரசு 2020-ல் தெரிவித்தது.

இப்போது மிகவும் சிக்கலான அளவைக்கு வருகிறேன்: வீணாகும் மருந்து.

பி.சி.ஜி. குப்பியில் பத்துக் குழந்தைகளுக்கான மருந்து தூளாக இருக்கும். அதில் திரவத்தைக் கலந்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை எறிய வேண்டும். தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் அப்படியே. அன்று மூன்று குழந்தைகளே வந்தால் பி.சி.ஜி.யில் ஏழு டோஸ் குப்பைக்குப் போகும். முத்தடுப்பு ஊசியின் தம்பியாகிய ஐந்து நோய்த் தடுப்பூசி, அதாவது பென்டா, அப்படியல்ல; முறைப்படி வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். எனவேதான் பென்டாவில் 10 சதவிகிதத்துக்கு மேல் வீணாகக் கூடாது என்றும், பி.சி.ஜி.யில் 50 சதவிகிதம் வரை வீணாகலாம் என்றும் அரசு கணக்கு வைத்திருக்கிறது.

ஆனால் வீணாக்குதல் என்ற சொல்லே நம் காதுக்குக் குற்றம் போல் ஒலிக்கிறது. சோற்றைச் சிந்தாதே, சாக்பீஸை வீணாக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாதாந்தரக் கூட்டத்தில் ‘உங்கள் நிலையத்தில் இத்தனை சதவிகிதம் வீண்’ என்று மேலதிகாரி படித்தால் அந்த நர்ஸம்மாவுக்கு எப்படி இருக்கும்? அடுத்த புதன்கிழமை என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியும்.

ஓர் இளந்தாய் ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். அன்று தட்டம்மை ஊசிக்கு வேறு யாருமே வரவில்லை.

“நர்ஸம்மா, கூலியை விட்டுப்புட்டு வந்திருக்கேன்.”

“ஒத்தப் புள்ளைக்காக எப்படிம்மா குப்பியை உடைக்கிறது? நாலு புள்ளை சேரட்டும். அடுத்த வாரம் வாம்மா.”

பதிவேட்டைப் பாருங்கள்: வீணானது பூஜ்யம். அன்று அந்த நிலையத்துக்கு அதைவிட நல்ல மார்க் கிடைக்க முடியாது. அந்தத் தாய் அடுத்த வாரம் வந்தால் சரி. அடுத்த வாரம் நடவு இருந்தால்? ஒரு நாள் கூலி போனதைக் கண்டு வீட்டில் கோபித்துக்கொண்டால்? வராமல் போகும் குழந்தையின் கணக்கு குப்பிக் கணக்கில் எங்கும் ஏறாது. ‘ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற’ என்பதே நம் அரசின் வழிகாட்டுதல். எழுத்தில் அப்படி இருக்கும்போது கூட்டத்தில் வீண் சதவிகிதத்தை மட்டும் கேட்டால், ஊழியர் எதற்குக் கட்டுப்படுவார்? கேட்கப்படும் கேள்விக்குத்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கணக்கில் விருப்பமுள்ள மாணவிகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிலையத்தின் எல்லைக்குள் ஆண்டுக்கு 600 குழந்தைகளுக்கு பி.சி.ஜி. போட வேண்டும். பாதி வீணாகும் என்று உண்மையைச் சொன்னால் 1,200 டோஸ், அதாவது 120 குப்பிகள் வரும். திட்டு வாங்காமல் இருப்பதற்காகப் பதிவேட்டைக் கொஞ்சம் ‘சரி செய்து’ 20 சதவிகிதமே வீண் என்று காட்டினால்? 600-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 750 டோஸ், 75 குப்பிகள்தாம் ஒதுக்கப்படும். கிராமத்திலோ முன்போலவே ஒரு குப்பிக்கு ஐந்து குழந்தைகள்தாம் வருகிறார்கள். 75 குப்பிகள் 375 குழந்தைகளோடு தீர்ந்துவிடும். மீதி 225 குழந்தைகளுக்கு மருந்து இல்லை. இந்த ஆண்டு யாரோ பயந்து எழுதிய ஒரு நல்ல எண் அடுத்த ஆண்டு உண்மையான தட்டுப்பாடாகத் திரும்பி வருகிறது.

அப்படியானால் வீணாவதை அளக்கவே கூடாதா? அளக்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டு ரகமாகப் பிரித்து. திறக்காத குப்பி காலாவதியாவது, உடைவது, உறைவது, சதுரம் கறுப்பது ஆகியவை நிர்வாகக் கோளாறுகள். இங்கே எவ்வளவு கண்டிப்பும் தகும். திறந்த குப்பியில் மீந்து எறியப்படுவது வேறு ரகம். வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாததற்கு நாம் கொடுக்கும் விலை அது. பி.சி.ஜி. மலிவான தடுப்பூசிகளில் ஒன்று. ஒரு தாயின் ஒரு நாள் கூலி அதைவிட அதிகம். விலை உயர்ந்த நிமோனியா தடுப்பூசி போன்றவற்றில் நியாயம் கொஞ்சம் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் செலவையும் குறைக்க வழிகள் உண்டு. சிறிய குப்பிகள் வாங்கலாம். பக்கத்து ஊர்க் குழந்தைகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு ஒரே நாளில் வரச் சொல்லலாம். அந்தப் பட்டியலைத் தயாரிக்க வீடு வீடாக நடக்கும் உழைப்பு எந்தச் சதவிகிதத்திலும் தெரிவதில்லை.

தவறான எண்ணை எண்ணிக்கொண்டிருந்த வரலாறு நமக்குப் புதிதல்ல. பெரியம்மையை ஒழிக்க 1962-ல் தேசியத் திட்டம் தொடங்கியபோது ‘இத்தனை கோடிப் பேருக்கு அம்மை குத்தினோம்’ என்பதே வெற்றியின் அளவையாக இருந்தது. எண்ணிக்கை மலைபோல் ஏறியது. பெரியம்மையும் இருந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் எண்ணிக்கையைக் காட்டுவதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல் வசதியானவர்கள் யாருமில்லை! வரிசையில் நிற்பார்கள், ஓடமாட்டார்கள். ஏற்கெனவே குத்தியவர்களுக்கே மறுபடியும் குத்தினார்கள். குடிசைகளிலும் நடைபாதைகளிலும் இருந்தவர்கள் விடுபட்டார்கள். போதாக்குறைக்குத் திரவ மருந்து வெயிலில் சக்தியிழந்தது. பின்னர் வந்த உலர் மருந்துதான் அந்தக் குறையைத் தீர்த்தது. நம் கிண்டி கிங் நிலையத்திலும் அந்த மருந்து தயாரிக்கப்பட்டது. 1973-ல் அளவையையே மாற்றினார்கள். எத்தனை பேருக்குக் குத்தினோம் என்பதை விட்டு, எங்கே புதிதாக நோய் கண்டிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாளாயிற்று என்று வீடு வீடாகத் தேடினார்கள்; தகவல் தந்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்கள். 1975 மே மாதத்துக்குப் பின் நாட்டில் பெரியம்மை இல்லை. 1977-ல் அது ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது.

சங்கிலியின் தலைப்பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அதில் நம் மாநிலத்துக்குப் பங்குண்டு. 1948-ல் தொடங்கிய கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாசலப் பிரதேசத்தின் கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசு ஆலைகளின் உரிமங்கள் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டன. உற்பத்தித் தர விதிகளை அவை நிறைவேற்றவில்லை என்பது காரணம். தர விதி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மாற்று ஏற்பாடு திடமாவதற்குள் மூன்றும் ஒன்றாக நின்றதால் தடுப்பூசித் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2010 பிப்ரவரியில் அந்தத் தடை நீக்கப்பட்டது. தரத்தை அளந்தவர்கள் தொடர்ச்சியையும் கூடவே அளந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சரி, கடைசி முனையில் நின்று அளப்பது எப்படி? ஒரு வழி, அலுவலகப் பதிவேட்டை நம்பாமல் வீட்டுக் கதவைத் தட்டுவது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அதைத்தான் செய்கிறது. வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லி, தாயிடமும் கேட்டு எழுதுவார்கள். அதன்படி ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளில் எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 2005–06-ல் 80.9 சதவிகிதம். 2015–16-ல் அது 69.7 ஆக இறங்கியது! முன்னேறிய மாநிலம் என்று பெயர் வாங்கிய நமக்கு இது எதிர்பாராத அடி. 2019–21-ல் 89.2 ஆக மறுபடி ஏறியது. வீட்டு வாசலில் எடுத்த கணக்கு இல்லாவிட்டால் அந்த இறக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

இன்னொரு வழி, நிலையத்திலேயே செய்யக்கூடிய ஒரு சிறு கழித்தல். பென்டா ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று தரம் போடப்படுகிறது. முதல் ஊசிக்கு 100 குழந்தைகள் வந்து மூன்றாவதற்கு 85 பேரே வந்தால் 15 பேர் நடுவில் நழுவியிருக்கிறார்கள். பத்துக்கு மேல் போனாலே ஏதோ கோளாறு என்று கொள்வது வழக்கம். முதல் தரம் வந்தவர்களுக்கு வழி தெரியும், விருப்பமும் இருந்தது. பிறகு ஏன் வரவில்லை? அன்று மருந்து இல்லையா? வெகுநேரம் காக்க வைத்தார்களா? ஊசிக்குப் பின் காய்ச்சல் வரும் என்று சொல்லாமல் விட்டதால் பயந்துபோனார்களா? அல்லது குப்பியைத் திறக்கவில்லையா? வெப்பநிலை, இருப்பு, வீண் சதவிகிதம் எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கிய நிலையத்தையும் இந்தக் கழித்தல் நிறுத்திக் கேள்வி கேட்கும்.

உங்களில் பத்து வயதானவர்களுக்கும் பதினாறு வயதானவர்களுக்கும் இரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டையும் தடுக்கும் ‘டி.டி.’ ஊசி உண்டு. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸம்மா நம் பள்ளிக்கு வரும் நாளில், அழுவதற்கு முன்னால் சற்றுக் கவனியுங்கள். ஐஸ் பேக்கைக் குலுக்கினால் சளசளவென்று கேட்கிறதா என்று கேளுங்கள். குப்பியில் சதுரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே காட்டுவார். ஊசி போட்டு முடித்ததும் எத்தனை குப்பி வந்தது, எத்தனை திறந்தது, எத்தனை பேருக்குப் போட்டது என்று பதிவேட்டில் எழுதுவார். நல்ல நர்ஸம்மாவாக இருந்தால் பெட்டியை மூடுவதற்கு முன் வகுப்பாசிரியையிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்களையும் தனியே குறித்துக்கொள்வார்.